தகவல் கசிந்தால் பொறுப்பு யாருக்கு?

வங்கிக் கணக்குத் தொடங்கவும், மருத்துவமனையில் சேரவும், கைப்பேசி இணைப்புப் பெறவும் குடிமக்கள் தம் பெயர், முகவரி, பிறந்த நாள் முதலிய விவரங்களைத் தரவேண்டியுள்ளது. தந்தபின், அவை எங்கே, எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதை அவர்கள் அறிய வழியில்லை. எனவே, அவை களவுபோகுமாயின் பொறுப்பை அவர்கள்மீது சுமத்துதல் முறையாகாது. தடுக்கும் ஆற்றல் எவரிடம் உள்ளதோ, அவரே பொறுப்பேற்றல் வேண்டும் என்பது பொருளியல் காட்டும் நெறியாகும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் பின்னர் இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களைத் திரட்டும் நிறுவனத்தின்மீதே பொறுப்பைச் சுமத்துகிறது. பணியை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தாலும் அப்பொறுப்பு நீங்காது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் ரூ. 250 கோடி வரையிலும், கசிவைத் தெரிவிக்கத் தவறினால் ரூ. 200 கோடி வரையிலும் தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. 2025 நவம்பரில் வெளியான அறிவிக்கையின்படி, இக்கடமைகளுக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. தண்டத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியைச் சேரும். கசிந்த விவரங்களைக் கொண்டு ஏமாற்றுவோரிடம் சேமிப்பைப் பறிகொடுத்த ஓய்வூதியருக்கு அதில் பங்கில்லை. இழப்பீட்டுக்கு வகைசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. தவறியவர் தண்டம் செலுத்துவதுடன், இழந்தவருக்கு ஈடு கிடைக்கும்போதே பொறுப்பு நிறைவுறும். ஆதலின், தண்டத்தொகையின் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டோருக்கென ஒதுக்கும் ஏற்பாடு விரிவாக ஆராயப்படுதல் நலம்.