ஒரு நதியும் நான்கு நாடுகளும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பன்னாட்டு அமைப்புகள் ஒரு வட்டாரத்தின் நிலைத்த வளர்ச்சிக்கு எவ்வாறு இணைந்து பணியாற்றுகின்றன என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். தலைப்போ பெரிது, தந்த நேரமோ அரைமணி. ஐக்கிய நாடுகள் அவையின் கிளைகளை வரிசையாக ஒப்பிக்கும் வேலையைத் தேர்வுக்குப் படிப்பவர்க்கு விட்டுவிட்டு, ஒரே ஒரு நதியை எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குமுன் ஓர் ஏரியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் பாட்டனார் எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும், வயல்தோறும் முறைப்படி நீர் பாய்ச்சுவதும் அவர் தொழில். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் போதும் என்பதை அவரைப்போல் அறிந்தவர் ஊரில் எவருமிலர். ஆயினும் முறை வகுக்க ஊரார் சாவடியில் கூடும்போது அவர் வெளியே புளியமரத்தடியில் நிற்பார். முடிவு அவருக்கு அங்கே அறிவிக்கப்படும். நதிநீர் ஒப்பந்தங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் புளியமரம் என் நினைவுக்கு வருகிறது.

நான் எடுத்துக்கொண்ட நதி மேகாங். திபெத்தியப் பீடபூமியில் பிறந்து, சீனம், மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகளைத் தொட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கடலில் கலக்கிறது. கம்போடியாவில் டோன்லே சாப் என்றொரு பேரேரி உண்டு. மழைக்காலத்தில் மேகாங் பெருகும்போது, ஏரியிலிருந்து வரும் கிளையாறு திசைமாறிப் பின்னோக்கி ஓடி ஏரியை நிரப்புகிறது. கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி ஐந்து மடங்கிற்கு மேல் விரிகிறது. அவ்வெள்ளத்தை நம்பிப் பெருகும் மீனே அந்நாட்டு ஏழைகளின் உணவு. மேலே ஒரு நாடு நீரை அடைத்தால் கீழே வேறொரு நாட்டில் உலை எரியாது.

இதனை உணர்ந்தே, ஆசிய, தூரகிழக்குப் பொருளாதார ஆணையத்தின் ஆதரவில் 1957ஆம் ஆண்டில் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, தென்வியட்நாம் ஆகிய நான்கும் மேகாங் குழுவை அமைத்தன. ஐ.நா. அவையைச் சார்ந்த அவ்வாணையத்தின் முதல் செயலாளர் பி. எஸ். லோகநாதன், குழு பிறந்தபோது அப்பொறுப்பில் இருந்தவர் சி. வி. நரசிம்மன். இருவரும் தமிழ்நாட்டவர் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

அணை கட்டுமுன் அளக்கவேண்டும் என்பதே வல்லுநர் குழு கூறிய முதல் அறிவுரை. மழை எவ்வளவு, வண்டல் எவ்வளவு, வெள்ளம் எங்கே ஏறுகிறது என்று நான்கு நாடுகளும் ஒரே முறையில் அளந்து கணக்கைப் பகிர்ந்துகொண்டன. லாவோசின் நாம் நுகும் அணைக்கு ஜப்பான், அமெரிக்கா, நெதர்லாந்து, கனடா முதலிய நாடுகள் பொருளுதவின. உலக வங்கி அந்நிதியை நிர்வகித்தது. நாட்டில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே 1971இல் அதன் முதற்கட்டம் முடிந்து, மின்சாரம் நதியைக் கடந்து தாய்லாந்துக்கும் சென்றது. இஃது எளிய செயலன்று.

1995 ஏப்ரல் 5ஆம் நாள், தாய்லாந்தின் சியாங் ராய் நகரில் நான்கு நாடுகளும் புதிய உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. மேகாங் ஆற்று ஆணையம் பிறந்தது. 'நிலைத்த வளர்ச்சி' என்னும் சொல் அவ்வுடன்படிக்கையின் பெயரிலேயே இடம்பெற்றது. எனினும் மேலைப்பகுதியிலுள்ள சீனமும் மியான்மரும் உறுப்பினராகவில்லை. 1996 முதல் கலந்துரையாடும் தோழமை நாடுகளாகவே இருக்கின்றன. வெள்ளக்காலத்து நீர்க்கணக்கைச் சீனம் தர ஒப்பியது 2002இல். ஆண்டு முழுமைக்கும் தர ஒப்பியது 2020இல்.

ஆணையம் கலந்துபேசச் சொல்லலாம், தடுக்க முடியாது. லாவோஸ் சயபுரி அணையைத் திட்டமிட்டபோது, முதன்மை ஆற்றில் அணை கட்டுவதைப் பத்தாண்டுகள் தள்ளிப்போடுக என்று 2010இல் ஆணையத்திற்காகச் செய்யப்பட்ட ஆய்வே பரிந்துரைத்தது. 2011இல் நான்கு நாடுகளும் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. 2012இல் கட்டுமானம் முறைப்படி தொடங்கியது. 2019இல் மின்சாரம் விற்பனைக்கு வந்தது. அதில் பெரும்பகுதியை வாங்குவது தாய்லாந்து. அந்தத் தாய்லாந்தின் ஆற்றங்கரை மக்களே 2012இல் நீதிமன்றம் சென்றார்கள். பல்லாண்டுகள் வழக்காடியும் தோற்றார்கள். அரசுகள் அமர்ந்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

அண்ணல் அம்பேத்கரை நாம் அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். வைசிராயின் நிருவாக அவையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1945இல் வங்காளத்தையும் பீகாரையும் கல்கத்தாவில் ஒன்றாக அமர்த்தித் தாமோதர் நதித் திட்டத்தைப் பேசவைத்தார். 1948இல் அது சட்டத்தால் அமைந்த கழகமாயிற்று. ஆணையிடும் அதிகாரம் அதற்கு ஓரளவு இருந்தது. மேகாங் ஆணையத்திற்கு அதுவும் இல்லை. ஆனால் தாமோதரிலும், மைதான், பாஞ்செட் அணைகளுக்காக நிலமிழந்தோரில் பலர் சந்தால் முதலிய பழங்குடியினர். அவர்களும் புளியமரத்தடியில் நின்றவர்களே.

இளைஞர்களே, உங்களுக்கு இன்னுமொரு செய்தி. மேகாங்கின் கிளையான முன் ஆற்றில், உலக வங்கியின் கடனுதவியோடு கட்டிய பாக் முன் அணை 1994இல் முடிந்தது, மீன் குறைந்தது. கரையிலிருந்தோர் பல்லாண்டு போராடியபின் 2001இல் அதன் மதகுகள் ஓராண்டுக்குத் திறக்கப்பட்டன. அப்போது மீனவர்கள் தாங்களே ஆய்வாளர்களானார்கள். எந்த மீன் திரும்பி வந்தது, எந்த மடுவில் தங்கியது, எந்தப் பூண்டு மீண்டும் முளைத்தது என்று தங்கள் மொழியில், தங்கள் பெயர்களிட்டுப் பதிந்தார்கள். 'ஊரார் ஆய்வு' என்னும் பொருளில் அதற்குத் தாய் பான் என்று பெயர். பின்னர் மேகாங் கரையில் வேறு ஊர்களும் அவ்வாறே செய்தன. அதனால் அணை இடிந்துவிடவில்லை. ஆயினும் மீனவன் சொன்னதை வெறும் புலம்பல் என்று இனி எவரும் ஒதுக்க இயலாதவாறு அது ஏட்டில் ஏறிவிட்டது.

என் பாட்டனாரின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. அவர் காலமானபோது எனக்கு வயது ஒன்பது. எந்த மதகின் நீர் எந்த வயலை எத்தனை நாழிகையில் சேரும் என்று நான் அவரைக் கேட்டதில்லை. நம் சேரிகளில் இன்னும் சில நீர்க்கட்டிகள் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்ல விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.