பள்ளிக்குப் பூட்டு, தொண்டர்க்குச் சிறை!

(கல்வி நிதிக்கு உதவும் அன்பர்களின் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



போரினாற் பாழ்பட்ட ஒரு நாட்டிலே, பிள்ளைகளின் படிப்புக்காக ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் ஆப்கானிஸ்தானத்தை எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. ஏனைய நாடுகளிற் குண்டு விழுந்து பள்ளி இடிகிறது. அங்கேயோ, குண்டுச் சத்தம் பெரும்பாலும் ஓய்ந்த பின்னர், ஆட்சியின் ஆணையே பள்ளியின் கதவை அடைத்து நிற்கிறது. இடிந்த சுவரை எழுப்பக் கல்லும் சுண்ணாம்பும் போதும். ஆணையால் அடைபட்ட கதவுக்கு என்ன செய்வது?

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். என் தொழிலின் பழக்கம் அது. அமானுல்லா மன்னர் காலத்து 1923ஆம் ஆண்டு அரசியலமைப்பே தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. 2004ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 43ஆம் உறுப்புரை, இளங்கலைப் பட்டம் வரை அரச கல்விக்கூடங்களில் இலவசக் கல்வி என்றது. சிறுவர் உரிமைப் பொருத்தனையை அந்நாடு 1994இல் ஏற்றது. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் பொருத்தனையை 2003இல் ஏற்றது. ஆகவே அங்கே ஏட்டிற் சட்டம் இல்லாமற் போகவில்லை.

2021 ஆகத்து 15இல் காபூல் தலிபான்களின் கையில் வீழ்ந்தது. அடுத்த மாதம், இடைநிலைப் பள்ளிகளுக்கு ஆண்பிள்ளைகள் வரலாம் என்று அறிவித்தார்கள். பெண்பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை! எழுதாத சொல்லே தடையாயிற்று. 2022 மார்ச் 23ஆம் நாள் பள்ளி திறக்கும் என்றார்கள். புத்தகப் பையோடு வந்த மாணவியர் சில மணி நேரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மறு அறிவித்தல் வரும்வரை என்றது ஆணை. நீதிமன்றத்தில் நாமும் தவணை கேட்பவர்கள்தாம். ஆனால், ஒரு தலைமுறையையே தவணையில் வைத்த வழக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் பல்கலைக்கழகமும் பெண்களுக்கு மூடப்பட்டது. ஆறாம் வகுப்புக்கு மேல் கல்வி மறுக்கப்பட்ட பெண்பிள்ளைகள் 22 இலட்சம் என்று 2025இல் யுனிசெப் கணக்கிட்டது.

இதை இஸ்லாத்தின் பெயரால் ஏற்ற முயல்வோர்க்கு ஒரு வார்த்தை. வேறெந்த முஸ்லிம் நாடும் இத்தகைய தடையை விதிக்கவில்லை. இஸ்லாமிய நாடுகளின் அமைப்பே இதைக் கண்டித்திருக்கிறது. இது சமயத்தின் குற்றமன்று, ஆட்சியின் குற்றம்.

இனித் தொண்டர்களிடம் வருவோம். ஹெராத் நகரிற் பிறந்து, அமெரிக்காவிற் கற்று, அங்கேயே சுகமாக வாழ்ந்திருக்கக் கூடியவர் சக்கீனா யாக்கூபி அம்மையார். அவர் பெசாவர் அகதிகளிடையே வந்து, 1995இல் ஆப்கான் கல்வி நிலையத்தை நிறுவினார். தலிபான்களின் முதலாவது ஆட்சியிலே பெண்பள்ளிகள் மூடப்பட்டபோது, வீடுகளுக்குள் மறைவாக 80 பள்ளிகளை அவருடைய நிலையம் தாங்கிற்று. ஏறத்தாழ 3,000 பெண்பிள்ளைகள் படித்தார்கள். அவருடைய முறை கவனிக்கத்தக்கது. ஊரவர் கேட்டால்தான் பள்ளி. அவர்களும் தம் பங்காக இடமோ உழைப்போ காவலோ தரவேண்டும். கொடுக்கும் கையை மட்டும் பார்த்திருக்கும் ஊரிற் பள்ளி நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். மறைவுப் பள்ளிக்கோ வேறு காவல் ஏது? அயலவன் வாய் திறவாமல் இருப்பதே காவல்!

மற்றவர் மத்தியுல்லா வேசா. காந்தகார் மாகாணத்தவர். 2009இல் 'பேனாவின் பாதை' என்று பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கந் தொடங்கினார். மோட்டார் சைக்கிளிற் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு, வீதி சரியாக இல்லாத ஊர்களுக்குச் சென்றார்கள் அவரும் தோழர்களும். மரநிழலிற் பிள்ளைகளைக் கூட்டினார்கள். ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். போரினால் மூடப்பட்ட நூறளவு பள்ளிகளைத் திறக்க வைத்தோம் என்பது அவர்களின் கணக்கு. யாக்கூபி மறைவில் நடத்தினார். வேசா வெளிச்சத்திற் கேட்டார். தலிபான் ஆட்சி திரும்பிய பின்னும், பெண்பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். 2023 மார்ச் 27ஆம் நாள் காபூலிற் கைது செய்யப்பட்டார். ஏழு மாதம் சிறை. ஒக்டோபர் 26இல் விடுதலை. அவர் வைத்திருந்தது துப்பாக்கியன்று, வாசிப்புப் புத்தகம்.

இவ்விரு வழிகளில் எது சரி? என்னைக் கேட்டால், இரண்டும் வேண்டும் என்பேன். வெளிச்சத்திற் கேட்பவன் இல்லாவிட்டால் உரிமை மறந்துபோகும். மறைவில் நடத்துபவள் இல்லாவிட்டால், உரிமை கிடைக்கும் நாளில் அதை ஏற்கப் படித்த பிள்ளை இராது.

'தொண்டர் நடத்தும் சிறு வகுப்பினால் என்ன வந்துவிடும்? அது அரசின் வேலையல்லவா?' என்று கேட்போர் நம்மிடையும் உண்டு. அரசின் வேலைதான், மறுக்கவில்லை. ஆயினும் சிறுவகுப்பின் பயனை அளந்து பார்த்திருக்கிறார்கள். மலைகள் சூழ்ந்த கோர் மாகாணத்திலே, 2007இல் 31 ஊர்களை எடுத்து, குலுக்கிப் பொறுக்கியதுபோற் சில ஊர்களில் மட்டும் முதலிற் பள்ளி திறந்தார்கள். கட்டடம் கட்டவில்லை, வீடோ பள்ளிவாசலோ போதுமாயிற்று. ஊரிற் படித்தவரே ஆசிரியர். அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் கணக்கெடுத்தார்கள். பள்ளியுள்ள ஊர்களிற் சேர்ந்த பிள்ளைகள் நூற்றுக்கு 42 பேர் கூடினர். பெண்பிள்ளைகள் 52 பேர் கூடினர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்க்கையில் இருந்த வேறுபாடே மறைந்தது. பள்ளி ஒரு மைல் தூரம் விலகினால், சேர்வோர் நூற்றுக்கு 16 வீதம் குறைந்தனர். வயலுக்கு நடந்து பழகிய கமக்காரப் பெருமக்களுக்கு ஒரு மைல் பெரிதாகத் தோன்றாது. ஒன்பது வயதுப் பெண்ணை அனுப்பும் தாய்க்கு அது பெரிது. பெண்பிள்ளையின் படிப்பை மறித்தது பெற்றாரின் மனமன்று, பெரும்பாலும் தூரமே என்பதை அந்தக் கணக்கு காட்டிற்று. தொண்டர் அந்த ஒரு மைலை இல்லாமற் செய்கிறார்கள்.

சட்டம் அடியோடு உறங்கவுமில்லை. 2025 ஜூலை 8இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், தலிபான் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்சாதாவுக்கும், தலைமை நீதியரசர் அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் பிடியாணை பிறப்பித்தது. பெண்களைத் துன்புறுத்தல் மனிதகுலத்துக்கெதிரான குற்றம் என்பது வழக்கு. அந்த ஆணையை நிறைவேற்றப் பொலிசாரைத் தேடினால் ஒருவரும் இல்லை. எனினும், ஒரு நாட்டின் தலைமை நீதியரசரே குற்றஞ் சாட்டப்பட்டவராகப் பதியப்பட்டது சிறு செய்தியன்று.

கடைசியாகப் பண விஷயம். இத்தகைய தொண்டுக்கு உதவ நீங்கள் விரும்பினால், நம்மிடமுள்ள ஒரு பழக்கத்தை விடவேண்டும். நூறு ரூபா கொடுத்தாற் படம் கேட்கிறோம். பிள்ளையின் பெயரும் ஊரும் கேட்கிறோம். நன்றிக் கடிதம் கேட்கிறோம். மறைவில் நடக்கும் வகுப்பின் படம், காவலன் கைக்குப் போனால் அதுவே சாட்சி. ஆசிரியை சிறைக்குப் போவாள். தலைமைத் தொண்டர் அனுப்பும் கணக்கில் ஊரின் பெயர் இல்லாவிடின், அதைக் குறையென்று எழுதாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், ஆசிரியைக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, கணக்கைப் பரிசோதித்தவர் யார் என்பவற்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். படத்தைக் கேளாதீர்கள்.