கடல் கடந்து போன எங்கள் ஆங்கில ரீச்சர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



விழாவில் பேசவேண்டும் என்று சங்கச் செயலாளர் அக்கா கேட்டபோது, வைத்தியர்கள்தானே, நீரிழிவைப் பற்றிப் பேசுவோம் என்றே முதலில் எண்ணினோம். பிறகு, 1996இல் சாதாரண தரம் எழுதிய எங்கள் வகுப்பின் வட்சப் குழுவில் “என்ன பேசலாம்?” என்று கேட்டோம். லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் ஒரே பதில்தான் வந்தது: “ரீச்சரைப் பற்றிப் பேசுங்க.” எந்த ரீச்சர் என்று ஒருத்திகூட எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

1995ஆம் ஆண்டு. யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த காலம். நாங்கள் பத்தாம் வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடம். ஆங்கில ரீச்சர் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பி நின்று, “புள்ளையள், நான் மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போறன். போயித்து வாறன்” என்றார். திங்கட்கிழமை அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. அடுத்த தவணையும் வெறுமையாகவே இருந்தது. அந்த வெற்றிடத்திற்கு எவரும் அனுப்பப்படவில்லை. சரித்திர ரீச்சர் தன் பாடத்தோடு ஆங்கிலத்தையும் சுமந்தார். பரீட்சை முடிவு வந்தபோது எங்களில் பலருக்கு ஆங்கிலத்தில் ‘எஸ்’ சித்திதான். சிலருக்கு அதுவும் இல்லை.

எங்களுக்குக் கோபம். வேறு நாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எங்களை விட்டுவிட்டுப் போனவர் என்ற கோபம். அவர் மாலேயிலிருந்து வகுப்புக்கு எழுதிய முதல் கடிதத்திற்கு நாங்கள் பதில் போடவே இல்லை.

அவர் ஏன் போனார் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கின்ற எந்தத் தாய்க்கும் அதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பது பெண் வீட்டில். இது எங்கள் பெண்களுக்கு ஒரு பலம். அதேநேரம் பெற்றவர்களின் முதுகில் ஒரு கல்வீடு. ரீச்சருக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூன்று வீடுகள். அன்றைய ஆசிரியச் சம்பளத்தில் ஒரு வீட்டின் அத்திவாரத்தைக்கூட நிமிர்த்த முடியாது. மாலைதீவில் சம்பளம் டொலர் கணக்கில் வந்தது. அவ்வளவுதான் காரணம்.

அவர் முதலாவதாகப் போனவரும் அல்ல. ஆங்கிலம் படிப்பிக்கக் கடல் கடப்பது இந்த வாவிக்கரைக்கு மிகப் பழைய கதை. முதலில் அது எங்களை நோக்கி வந்தது. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலைகளைத் தொடங்கினார். ஓராண்டு முடியுமுன்பே, 1815இல், இங்கேயே இறந்துபோனார். 1948இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலிருந்து இயேசு சபையைச் சேர்ந்த பெஞ்சமின் ஹென்றி மில்லர் என்ற இளைஞர் வந்து புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார். எங்கள் அண்ணன்மாரும் அப்பாமாரும் ‘பாதர் மில்லர்’ என்று சொல்லும் அவர், இந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்டார். தொண்ணூறுகளில் பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மாரின் முறைப்பாடுகளை மட்டக்களப்புச் சமாதானக் குழுவினூடாகப் பதிவு செய்தவர்களில் அவரும் ஒருவர். 2019 ஜனவரி முதலாம் திகதி இங்கேயே கண்மூடினார். எழுபது வருடங்கள். படிப்பிக்க வந்த ஓர் அந்நியர் ஊரவராக மாறுவது எப்படி என்பதற்கு எங்கள் ஊரிலேயே இருக்கின்ற உதாரணம் அவர்.

பிறகு காற்று திசை மாறியது. இலங்கையில் பாடங்கள் சுயமொழிக்கு மாறியபோது, ஆங்கில மூலம் படித்துத் தேறிய ஒரு தலைமுறை ஆசிரியர்கள் எங்களிடம் இருந்தார்கள். அவர்கள் தேவைப்பட்ட நாடுகளும் இருந்தன. 1964இல் சுதந்திரமடைந்த சாம்பியாவுக்கு ஆசிரியர்கள் வேண்டியிருந்தது. எண்ணெய் வருமானம் பெருகிய நைஜீரியா 1976இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது; அதன்பின் அந்நாட்டுப் பாடசாலைகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர் பலர் தேவைப்பட்டனர். மாலைதீவில் 1960களின் தொடக்கத்தில் ஆங்கில மூலக் கல்வி ஆரம்பித்த நாளிலிருந்தே இலங்கை ஆசிரியர்கள் போய்வந்தார்கள். இங்கிருக்கும் மூத்த அக்காமாரில் சிலருடைய வீட்டு அல்பத்தில் நைஜீரியப் பிள்ளைகளோடு நிற்கின்ற படங்கள் இருக்கும். எண்பதுகளில் எண்ணெய் விலை சரிந்து, நைரா மதிப்பிழந்தபோது, பலர் பெட்டிகளோடு திரும்பினார்கள். அவர்கள் வந்திறங்கிய ஊரோ எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ரீச்சர் அந்த வரிசையில் பின்னால் வந்தவர். அங்கே எப்படி வாழ்ந்தார் என்பதைப் பல வருடங்களின் பின் அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்துதான் கேட்டறிந்தோம். தலைநகர் மாலேயில் சில மாதங்கள். பிறகு தோணியில் பல மணி நேரம் போகவேண்டிய ஒரு சின்னத் தீவு. அந்த மக்களும் தோணியைத் ‘தோனி’ என்றுதான் சொல்வார்களாம். சுற்றி நடந்தால் கால் மணி நேரத்தில் புறப்பட்ட இடத்திற்கே வந்துவிடலாம். குடிப்பதற்குத் தாங்கியில் பிடித்த மழைத்தண்ணீர். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு பேச ஆளில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று அறிய ஒன்றரை மாதம். “முதல் வருசம் முழுக்க அழுதன். ஆனா வகுப்புக்குள்ள அழல்ல” என்றார்.

இன்னொன்றும் சொன்னார். இன்றைய ஆங்கில ஆசிரியர்களுக்கு அது பயன்படும். இங்கே படிப்பித்தபோது அவர் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் மொழிபெயர்த்துத்தான் விளங்கப்படுத்தினார். நாங்கள் தமிழைக் கேட்டுக்கொண்டிருந்தோமே தவிர, ஆங்கிலத்தைக் கேட்கவில்லை. அங்கே அந்த வழி அடைபட்டுவிட்டது. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. அவருக்குத் திவேகி தெரியாது. திவேகி சிங்களத்தின் உறவுமொழி என்பதால் எண்களைச் சொன்னால் கொஞ்சம் பிடிபடும். அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆகவே மீனைக் காட்டி மீனைச் சொன்னார். கதவைத் திறந்து காட்டித் திறப்பதைச் சொன்னார். ஒரே வசனத்தைப் பத்துப் பிள்ளைகளைப் பத்து விதமாகச் சொல்லவைத்தார். “இருவது வருசம் படிப்பிச்ச பிறகு, அங்கதான் நான் ஆங்கிலம் படிப்பிக்கப் பழகினன்” என்றார்.

2004 டிசம்பரில் அவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் நாங்கள் இழந்தவர்களை இங்கே பெயர் சொல்லி அழவேண்டியதில்லை. அவர்களில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் உண்டு. அதே அலை மாலைதீவையும் அடித்தது. தொலைபேசிகள் உயிர்பெற்ற பிறகு ரீச்சரின் அயல்வீட்டுக்கு ஓர் அழைப்பு வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வேறொன்று. அந்தத் தீவுகளில் அவரிடம் படித்த பிள்ளைகள், தங்கள் வீட்டுக்குள்ளும் கடல் வந்துபோன நிலையில், “எங்கள் மிஸ் உயிரோடு இருக்கிறாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவர் படிப்பித்த ஆங்கிலம்.

அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் எங்களுடைய பழைய கோபம் அடங்கியது. எங்களிடமிருந்து அவரைப் பறித்துக்கொண்டவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்த பிள்ளைகள், எங்களைப் போலவே அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எங்கள் முறை வந்தது. பட்டப் பின்படிப்பின் ஒரு பகுதியாக வெளிநாட்டில் ஒரு வருடம் பயிற்சி பெறவேண்டும். இங்கிலாந்துக்குப் போனோம். மருத்துவப் புத்தகத்து ஆங்கிலம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வாட்டில் ஒரு வயோதிப அம்மா “ஸ்பென்ட் எ பெனி” என்று சொல்லிக் கையைப் பிடித்தபோது, அவருக்குச் சில்லறைக் காசு வேண்டுமாக்கும் என்று கைப்பையைத் தேடினோம். அவருக்கு வேண்டியிருந்ததோ கழிவறைக்குப் போக ஒரு கை உதவி. தாதி சொல்லித்தந்தபோது சிரித்தோம். இரவு அறைக்கு வந்து அழுதோம். வகுப்புக்குள் அழவில்லை என்று ரீச்சர் சொன்னதன் பொருள் அன்று விளங்கியது. அன்றிரவே அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினோம், ஆங்கிலத்தில். 1995இல் அனுப்பாத பதில் அது. பத்து நாளில் கடிதம் திரும்பி வந்தது, சிவப்புப் பேனையால் திருத்தப்பட்டு. கடைசியில், “பதில் பிந்தினாலும் நன்று. முற்றுப்புள்ளிகளைக் கவனிக்கவும்” என்று எழுதியிருந்தார்.

அன்புத் தோழியரே, இந்தக் கதையை நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர்கள் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர்கள் போனார்கள், தாதிமார் போனார்கள், எங்களோடு ஒரே அறையில் நோயாளர் பார்த்த வைத்தியர்கள் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. மூன்று வீடு கட்டவேண்டிய தாயை எவர் குறை சொல்வது? ஆனால் ஒருவர் எழுந்து போகும்போது ஒரு கதிரை வெறுமையாகிறது. அந்தக் கதிரைக்கு முன்னால் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் அப்படி இருந்த பிள்ளைகள். அதனால் சொல்கிறோம்.

எங்கள் கிளினிக்குக்குப் படுவான்கரையிலிருந்து வருகின்ற தாய்மார், கிளினிக் கொப்பியை நீட்டி, “இதில என்ன எழுதியிருக்கு, டொக்டர்?” என்று கேட்பார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் எழுதியதைத்தான் கேட்கிறார்கள். தன் குழந்தையின் நோய் என்ன என்று தன் கையிலிருக்கும் கொப்பியிலேயே அவருக்கு வாசிக்க முடியவில்லை. கூடவே வந்த பத்தாம் வகுப்பு மகளிடம் வாசிக்கச் சொன்னோம். அவள் தலையைக் குனிந்தாள். “எங்கட பள்ளிக்கூடத்தில இங்கிலிஷுக்கு ரீச்சர் இல்ல” என்றாள். எங்கள் கையெழுத்தைத் திருத்திக்கொள்வதும் தமிழில் விளங்கப்படுத்துவதும் எங்கள் கடமை. ஆனால் அந்தப் பிள்ளை தலை குனியாமல் வாசிக்கவேண்டும் என்பது எங்கள் எல்லாருடைய கடமை.

வெளிநாடுகளில் இருக்கும் அக்காமாரும் தங்கைமாரும் இந்தப் பாடசாலைக்கு நிறையக் கொடுத்திருக்கிறீர்கள். கட்டடத்துக்கும் கணினிக்கும் கொடுத்தவர்களுக்கு நன்றி. இந்த நூற்றாண்டில் எங்கள் வகுப்பு கேட்பது காசல்ல, நேரம். எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் சேர்ந்து, வாவிக்கு அக்கரையில் ஒரு பாடசாலையின் அதிபரோடு பேசி, பத்தாம் வகுப்புக்குக் கிழமையில் ஒரு மணித்தியாலம் இணையவழியில் ஆங்கிலம் பேசப் பழக்குகிறோம். மெல்பேண்காரிக்கு அது இரவு. டொரன்டோக்காரிக்கு அது விடியற்காலை. முதல் மாதத்தில் எதிர்முனையில் சத்தமே இல்லை, பிள்ளைகளுக்குக் கூச்சம். ரீச்சரின் வழியைப் பிடித்தோம். மீனைக் காட்டினோம், கதவைத் திறந்தோம். இப்போது எங்களைப் பேசவிடாமல் அவர்கள்தான் பேசுகிறார்கள். இது ஆசிரியர் இல்லாத குறையைத் தீர்க்காது. ஆசிரியரை நியமிக்கவேண்டியவர்கள் நியமிக்கவே வேண்டும். ஆனால் அதுவரை ஒரு பிள்ளையின் வாய் திறந்திருக்கும். ஒவ்வொரு வகுப்பும் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்தால் இடையில் விடாதீர்கள். விட்டுப்போனால் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஊருக்கு விடுமுறையில் வருகின்றவர்கள் ஒரு காலைப்பொழுது அந்தப் பாடசாலைக்கும் போய்வாருங்கள். கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுப்பதற்கும் நேரம் இருக்கும்.

இறுதியாக, முதல் வரிசையில் இருந்து எங்கள் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ரீச்சருக்கு ஒரு சொல். ரீச்சர், நீங்க அன்றைக்குப் “போயித்து வாறன்” என்றுதான் சொன்னீங்க. நாங்கதான் “போறன்” என்று மட்டும் கேட்டுக்கொண்டம். நீங்க வந்தீங்க. உங்கட மூன்று வீடும் எழும்பி நிக்குது. உங்கட விறாந்தையில இன்றைக்கும் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வாசிக்கிற சத்தம் கேக்குது. இந்த உரையை எழுதி உங்களிட்டக் காட்டாமல் வாசித்ததற்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. சிவப்புப் பேனையோட பிறகு வீட்டுக்கு வாறம்.