ஈரம் காயுமுன்



நம் இடைசெவல் கரிசலில் ஈரம் காயுமுன் விதைத்தாக வேண்டும். எழுத்தும் அவ்வாறே. மூன்றாம் வகுப்பிற்குள் வாசிக்கக் கல்லாத பிள்ளைக்குப் பின்னர் எந்தப் பாடமும் எட்டுவதில்லை. பள்ளியை விட்டு நிற்பவருள் அப்பிள்ளையே முதல்வன்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கிற்று. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிப்பது அதன் நெறி. எழுத்தறியாப் பிள்ளைக்கு எழுத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆயினும் பள்ளி விட்டபின் அப்பிள்ளையின் வாசிப்பைக் கேட்போர் யார்? பெற்றோர் வேலை முடிந்து இருட்டியபின் திரும்புகின்றனர். படித்த இளைஞர்களே, மாலைதோறும் அரைமணி நேரம் நீங்கள் கேளுங்கள். பிழைக்கு நகையாதீர்கள், பொறுமையுடன் திருத்துங்கள். நம் தெருவில் வாசிக்க இயலாத பிள்ளை ஒன்றும் இல்லையெனும் நிலையே இவ்வெள்ளிவிழாவிற்குச் சிறப்பு.