கதவு காத்தது; காவல் எங்கே?

ஒரு கதவைப் பற்றி உங்களிடம் பேச விழைகிறேன். ஓக் மரத்தாலான கதவு. ஜெர்மனி நாட்டின் ஹாலே நகரில், யூதர்தம் தொழுகைக்கூடத்து வாயிலைக் காத்து நின்ற கதவு.

2019 அக்டோபர் 9. உண்ணாநோன்பிருந்து, செய்த பிழை பொறுக்க வேண்டி யூதர்கள் தொழும் யோம் கிப்பூர் நன்னாள். 50-க்கும் மேற்பட்டோர் உள்ளே கூடியிருந்தனர். துப்பாக்கியும் வெடிகுண்டும் ஏந்தி வந்தான் இனவெறியன் ஒருவன். சுட்டான்; கதவு வழிவிடவில்லை. குண்டு வீசினான், வழி பிறக்கவில்லை. உள்ளிருந்தோர் காமிரா வழியே அக்கொடுமையைக் கண்டு, வாயிலை அடைத்து, உயிர் பிழைத்தனர்.

காவலர் எங்கே என்கிறீர்களா? அப்புனித நாளில் அவ்வாயிலில் ஒரு காவலரும் நிறுத்தப்படவில்லை!

வெறி அதோடு ஓய்ந்ததா? வீதியில் சென்ற பெண்ணொருத்தியைக் கொன்றது; கபாப் கடையிலிருந்த இளைஞனைக் கொன்றது. மாண்ட இருவரும் யூதரல்லர். 'அவர்கள் பாடு, நமக்கென்ன?' என்று ஒதுங்கி நிற்போர் இதனை எண்ணிப் பார்த்திடல் வேண்டும்.

அதே ஹாலேயில் 1938 நவம்பரில் யூதர் ஆலயம் அழிக்கப்பட்டது. அந்நாளில் ஜெர்மனியெங்கும் ஆலயங்கள் எரிந்தன. தீயணைப்புப் படையோ அண்டை வீடுகளை மட்டும் காத்து நின்றது. அன்று அரசே பகையாயிற்று. இன்றைய அரசு பகையன்று. கொலைகாரனுக்கு 2020 டிசம்பரில் ஆயுள் தண்டனை வழங்கியது நீதிமன்றம். நன்று! ஆயினும், தண்டனை பின்னே வருவது; பாதுகாப்போ முன்னே நிற்கவேண்டியது அல்லவா?

2025 அக்டோபர் 2. மீண்டும் அதே நோன்பு நாள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கொலைவெறியனை உள்ளே விடாது, தொழ வந்தோரே கதவைத் தாங்கிப் பிடித்தனர். இருவர் உயிர் நீத்தனர்.

காமிரா வேண்டும், உறுதியான கதவு வேண்டும், பயிற்சி பெற்ற காவலர் வேண்டும். இவற்றைச் சிறுபான்மையோர் தம் கைப்பொருளைக் கொட்டித்தான் பெறவேண்டுமா? வரி செலுத்தும் குடிமக்களன்றோ அவர்கள்? அச்சமின்றித் தொழுவது சலுகையன்று, உரிமை! அதனைக் காப்பது அரசின் கடமை.

நமக்கும் கடமை உண்டு, தோழர்களே! துப்பாக்கி தூக்குமுன் வெறியன் தூக்குவது வெறுப்புச் சொல். அதனை அங்காடியிலும் அவையிலும் கேட்கும்போதே மறுத்துரையுங்கள். தச்சன் செய்த கதவு தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சியது மனிதர் செய்யவேண்டியது.