இரத்தம் கொடுக்க வருவோரை ஏன் விசாரிக்கிறார்கள்?

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற இரத்ததான முகாமில் ஆற்றிய உரை)



இரத்ததானத்தின் சிறப்பைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறையவே கூறிவிட்டனர். தாதியர் கேள்விப் படிவத்தை நீட்டும்போது, "கொடுக்க வந்தவனையே விசாரிப்பதா?" என்று நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். அவர்களுக்காகவே பேச வந்தேன்.

தமிழ்நாட்டில், சாத்தூர் அரசு மருத்துவமனையில், 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. கொடுத்தவர் ஓர் இளைஞர். 2016இல் அவர் கொடுத்த இரத்தத்திலேயே கிருமி தெரிந்திருந்தும், செய்தி அவருக்கு எட்டவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் உண்மை தெரிந்ததும், தாமே முன்வந்து இரத்த வங்கிக்கு அறிவித்தார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அவர் பின்னர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்கு நோய் தொற்றவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

நம் நாட்டில் தானமாகக் கிடைக்கும் இரத்தம் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய் ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்படுகிறது. பிறகு கேள்விகள் எதற்கு? கிருமி உடலில் புகுந்தவுடனே எந்தச் சோதனையிலும் அகப்படுவதில்லை. இன்றைய நுட்பமான சோதனைகள் அந்த இடைவெளியைக் குறைத்துள்ளன, அறவே நீக்கிவிடவில்லை. அந்த நாட்களில் நோயாளிக்குக் காவல், கொடுப்பவரின் வாய்மை மட்டுமே.

இன்னொன்று, கொடுப்பவரின் நலன். எடை 45 கிலோவுக்குக் குறையலாகாது; ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது வேண்டும். தோட்டப்புறத் தாய்மார்கள் பலர் இங்கேதான் திருப்பி அனுப்பப்படுகின்றனர். அது அவமானமன்று, உடல் சோகையை அறிந்துகொள்ள இலவசமாகக் கிடைத்த வாய்ப்பு. விரதமிருந்து வெறும் வயிற்றோடு வருவோரும் உண்டுவிட்டு வேறொரு நாள் வரட்டும்.

அலகு குத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி தோலைத் துளைத்தது நேர்த்திக்கடனுக்காகத்தான். ஆயினும் கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது. பச்சை குத்தியதைப் போலவே அதையும் மறைக்காமல் தாதியரிடம் கூறுங்கள். எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

எய்ட்ஸ் இருக்கிறதா என்று அறிவதற்காக இரத்தம் கொடுக்க வராதீர்கள். அதற்கு அரசாங்க சுகாதார நிலையங்களில் தனிச் சோதனை உண்டு. நண்பர்கள் அருகிலிருக்க உண்மையைச் சொல்லக் கூச்சமாயின், ஏதேனும் காரணம் கூறி விலகிவிடலாம். வீடு திரும்பிய பின் மனம் உறுத்தினாலும் தாமதமில்லை. இரத்த வங்கிக்குத் தொலைபேசியில் கூறினால், நோயாளிக்குப் போகுமுன் அந்தப் பையை எடுத்து ஒதுக்கிவிட இயலும்.