ஹேண்டலிடமிருந்து தொடங்கலாம்

மேற்கத்திய சேர்ந்திசையைக் கேட்க ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இசையமைப்பாளர் ஹேண்டலின் 'மெசையா' என்ற படைப்பு.

1741-இல் லண்டனில், 24 நாட்களில் அவர் இதை எழுதி முடித்தார். 1742 ஏப்ரல் 13 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் அரங்கேற்றம். கூட்டம் நெருக்கியடிக்கும் என்பதால், பெண்கள் வளையம் வைத்த பாவாடை அணியாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். வசூலில் ஒரு பங்கு, கடனுக்காகச் சிறையில் வாடிய 142 பேரை மீட்டது. எவ்வளவு பெரிய காரியம்!

முழுப் படைப்பும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். அது பிறகு இருக்கட்டும். இரண்டாம் பாகத்தின் முடிவில் வரும் 'அல்லேலூயா' என்ற பாட்டு ஏறக்குறைய நான்கு நிமிடம்தான்; அதை முதலில் கேளுங்கள்.

அதில் நான்கு வகைக் குரல்கள் பாடும். இன்றைய குழுக்களில் பெண்களின் உச்சக்குரல் சோப்ரானோ, அதற்குக் கீழே ஆல்டோ. ஆண்களில் டெனர், அடியில் பேஸ். பாட்டின் பிற்பகுதியில் பேஸ் மட்டும் ஓர் இசைவரியைத் தொடங்கும். அதையே டெனர் எடுக்கும், அடுத்து ஆல்டோ, கடைசியில் சோப்ரானோ. முதலில் பாடியவர்களோ நிறுத்தாமல் வேறொன்றைப் பாடிக்கொண்டிருப்பார்கள். ஒரே ராகப் போக்கைத் தொடர்ந்து பழகிய நம் காது இங்கேதான் திணறும். எல்லாவற்றையும் பிடிக்க முயல வேண்டாம். ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடருங்கள், மறுமுறை ஆல்டோவை. நடுவில் மறைந்திருக்கும் ஆல்டோவைப் பிடிப்பதுதான் கடினம், அதில்தான் சுகமும்.

இன்று மாலை அந்த ஒரு பாட்டை இரண்டு முறை கேளுங்கள், நேயர்களே.